தலைவர் வாசித்த சோப்பு டப்பா

சோப்பு டப்பா பாடுமா? பாடும். மைக்செட் கடையில் ஒயர் சுற்றுகிற முத்தரசி அப்படி ஒன்றைச் செய்தாள். டப்பாவுக்குள் டார்ச் பேட்டரி, உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர், வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னச் சில்லு. வெளிச்சம் கூடினால் டப்பா கீச்சென்று கத்தும், குறைந்தால் முனகும். மேலே கையை ஆட்டி, நிழல் விழவைத்தே பாட்டு வாசிப்பாள்.

கோயில் திருவிழா மேடையில் ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மேடை கொடுக்கிறவர் சபாத் தலைவர் ஆராவமுதன். பளபளவென்று வழுக்கை, அதற்கு மேல் கர்வம்.

ஊரே கூடியிருந்த பந்தலில் அவளை மடக்கினார். "சோப்பு வைக்கிறதுல சங்கீதமா? கை படாம, கை நிழலும் படாம வாசி பார்ப்போம். வாசிச்சா மேடை உனக்கு. இல்லைன்னா போய் ஒயரைச் சுத்து."

"சரிங்க ஐயா" என்றாள். டப்பாவை அவர் எதிரே மேசையில் வைத்தாள். பந்தல் விளக்கை அவர் தலைக்கு நேராகத் திருப்பினாள். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"ஐயா, எனக்கு மேடை உண்டுங்களா?"

"கிடையாது, கிடையவே கிடையாது!" என்று தலையை ஆட்டினார். வழுக்கையில் பட்ட வெளிச்சம் டப்பாவில் போய் விழுந்தது. "கூய்ங்... கூய்ங்..." என்று டப்பா பாடியது.

பதறிக் குனிந்தார், சுருதி உச்சிக்குப் போனது. "நிறுத்து!" என்று தலையை உதறினார்; அருமையான கமகம். கூட்டம் கைதட்டி, "தலைவரே, இன்னொரு தரம்!" என்றது.

தலைவர் சிலையாக உட்கார்ந்து, உதடு மட்டும் அசையச் சொன்னார்: "மேடை உனக்குத்தான் தாயி. விளக்கை அணை."

"ரொம்ப நன்றிங்க" என்றாள் முத்தரசி. "நாளைக்குக் கச்சேரிக்குத் தலையில நல்லெண்ணெய் தேய்ச்சுட்டு வந்துடுங்க. வாசிக்கப் போறது நீங்கதானே!"