நாடு கடத்தப்பட்ட கொழுஞ்சி

மழை அபூர்வமான ஒரு காட்டில், ஆளில்லாத சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு வான்கோழி மேலாளர். யார் நியமித்தார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் நியமிக்கவில்லை!

சுரங்கத்தை மூடிவிட்டுப் போன மனிதர்கள் பங்களாவில் இரண்டை மறந்துவிட்டார்கள். ஒன்று, வான்கோழி. இன்னொன்று, தொட்டியோடு ஒரு பிளாஸ்டிக் ரோஜாச் செடி. 'மிச்சமிருப்பது நான்தான். அப்படியானால் மேலாளரும் நான்தான்' என்று வான்கோழி முடிவு செய்துகொண்டார்.

தோண்டுவதற்கு முன்னால் மனிதர்கள் மேல்மண்ணை வழித்துக் குழியின் விளிம்பில் பெரிய மேடாகக் குவித்திருந்தார்கள். மேலாளர் அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்தார். ஒரு உடும்பைக் கூப்பிட்டு ரோஜாத் தொட்டியையும் அங்கே உருட்டி வரச் சொன்னார்.

"இந்தக் குழியை நான் பூந்தோட்டம் ஆக்குவேன்! ரோஜா விதை விட்டதும் குழி முழுவதும் விதைப்போம்!" என்று முழங்கினார்.

"பிரமாதம்யா!" என்றது உடும்பு. அன்றுமுதல் குட்டைத் தண்ணீரை வாயில் மொண்டு வந்து ரோஜாவுக்கு ஊற்றுவதே அதன் வேலை. மூன்று வருஷம் ஊற்றியது. விதை வந்தபாடில்லை. "பங்களாச் செடி. அவசரப்படாது" என்றார் மேலாளர்.

குழிக்குள் செம்பி என்ற கௌதாரி இருந்தாள். பாவம், அவளுக்குத்தான் அவசரம். இரண்டு தடவை குஞ்சு பொரித்தாள். ஒளிய ஒரு புதர் இல்லை, ஒரு புல் இல்லை. வெட்ட வெளியில் ஓடிய குஞ்சுகளைப் பருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனது. கத்திக் கத்திச் செம்பிக்குத் தொண்டை கட்டிப்போனது.

"ஐயா, ரோஜா வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஏதாவது நாட்டுப்புல்லு வைக்கக் கூடாதா?" என்று போய்க் கேட்டாள்.

"புல்லா? சீச்சீ! பங்களாவில் இல்லாத செடி எதுவும் இங்கே முளைக்கக் கூடாது. இது உத்தரவு!"

அந்த உத்தரவை மேலாளர் போட்ட மறுவாரமே மழை பெய்தது. மேல்மண்ணுக்குள் பழைய விதைகள் எத்தனையோ தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு உத்தரவு தெரியுமா என்ன? மேலாளரின் ஆசனத்தைச் சுற்றியே கொழுஞ்சி முளைத்தது, ஆவாரை முளைத்தது. கொழுக்கட்டைப்புல் அவருடைய வாலுக்கு அடியில் முளைத்துக் குத்தியது.

"கைது செய்யுங்கள்!" என்று அலறினார் மேலாளர்.

உடனே விசாரணை. உடும்பு ஒரு கொழுஞ்சிச் செடியின் முன்னால் நின்று அதட்டியது.

"பேரு என்ன?"

கொழுஞ்சி பேசவில்லை.

"யாரைக் கேட்டு முளைச்சே?"

கொழுஞ்சி காற்றில் ஆடியது.

"பாருங்கய்யா திமிரை! பதில் சொல்லாம ஆடுது!"

"பிடுங்கிப் பாறையில் காயப்போடு!" என்று தீர்ப்பளித்தார் மேலாளர்.

விசாரணையைப் பார்க்கச் செம்பியும் வந்திருந்தாள். அவள் தாவி முன்னால் வந்தாள்.

"ஐயையோ, பாறையில போட்டா ஒரே நாள்ல உசுரு போயிடும்! அது ஒரு தண்டனையா? நான் இருக்கிற குழிக்கு நாடு கடத்துங்கய்யா! உங்க முகத்தைப் பார்க்க முடியாம ஆயுசு முழுக்க ஏங்கட்டும்!"

மேலாளர் தாடையை ஆட்டி யோசித்தார். தம் முகத்தைப் பார்க்க முடியாமல் போவதைவிடக் கொடிய தண்டனை அவருக்கும் தோன்றவில்லை. "அப்படியே ஆகட்டும்!"

"இன்னொண்ணுய்யா. குற்றவாளிக்கு இடம் கொடுத்தது யாரு? இந்த மண்ணுதானே? அதைச் சும்மா விடலாமா?"

"விடவே கூடாது! வேரைச் சுற்றியிருக்கும் மண்ணையும் சேர்த்து நாடு கடத்து!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! தினமும் முளைப்பு, தினமும் வழக்கு. உடும்பு நகத்தால் பறிக்க, செம்பி காலால் சீய்த்துத் தள்ள, செடியும் மண்ணும் மடமடவென்று குழிக்குள் சரிந்தன. கைதிகள் போன இடத்தில் சும்மா இருந்தனவா? வேர் விட்டன, பூத்தன, காய்த்தன. செம்பி அந்தச் செடிகளுக்கு நடுவே முட்டையிட்டாள்.

மேலே மேடு கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் மேலாளர் புருவத்தைச் சுருக்கினார்.

"உடும்பே, அடிவானம் ஏன் உயர்ந்துவிட்டது?"

"உங்களுக்கு மரியாதையா எழுந்து நிக்குதுய்யா!"

"ஓ! உட்காரச் சொல்" என்றார் மேலாளர், பெருந்தன்மையோடு.

கோடை வந்தது. மேடு முழுக்கத் தீர்ந்துபோய், மேலாளர் மொட்டைப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் ரோஜா வெளுத்து இளகி, தலை தொங்கியது. "பழுக்கிறது!" என்று பூரித்தார் அவர். அந்த நேரம் பார்த்துப் பருந்து பாய்ந்தது!

வாலில் நான்கு இறகு போயிற்று. மேலாளர் ஓடினார், கால் இடறினார், உருண்டு குழிக்குள் விழுந்தார். விழுந்த இடம் மெத்தென்று இருந்தது. கழுத்தளவு கொழுக்கட்டைப்புல், சுற்றிலும் மஞ்சளாகப் பூத்த ஆவாரை. புல்லை விலக்கிக்கொண்டு ஒன்பது கௌதாரிக் குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. பின்னாலேயே செம்பி வந்தாள்.

"இ... இதெல்லாம் யாரைக் கேட்டு முளைத்தது?" என்றார் மேலாளர் மூச்சிரைக்க.

"நீங்க போட்ட தீர்ப்புதான்யா. ஒரு கைதியும் தப்பிச்சுப் போகலை, எண்ணிப் பாருங்க!"

தலைக்கு மேலே பருந்தின் நிழல் வட்டமிட்டது. குஞ்சுகள் சட்டென்று புல்லுக்குள் மறைந்தன. மேலாளர் இங்கும் அங்கும் பார்த்தார். கடைசியில் கொழுஞ்சிச் செடிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, மேலாளர் என்ற மிடுக்கையெல்லாம் மறந்து கெஞ்சினார்.

"செம்பி, தாயே! எனக்கும் ஒரு ஆயுள் தண்டனை போட்டுக் கொடும்மா!"

மண்ணுக்குச் சொந்தமானதை விரட்டிவிட்டு, கண்ணுக்குப் பிடித்ததற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், கடைசியில் தாம் விரட்டியதன் நிழலில்தான் ஒதுங்க வேண்டியிருக்கும்.