பிடரிக்குக் கீழே

வார்டு பொறுப்பு நர்ஸ் செங்கமலம் தன் குருவைத் தேடிப் போனது ஆறுதலுக்காக இல்லை, புகார் சொல்ல.

குரு என்றதும் காவியைத் தேட வேண்டாம். நர்ஸிங் சூப்பிரண்டு கிளாடிஸ் மேடம்தான். செங்கமலத்துக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

முந்தின நாள் அந்த வார்டில் ஓர் உயிர் போயிருந்தது. தைராய்டு ஆபரேஷன் முடிந்து வந்த தையல்காரம்மா. பக்கத்தில் இருந்து கவனித்தவள் நர்ஸ் ரஃபீகா. எலும்பு வார்டிலிருந்து அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்திருந்தாள். கழுத்துக் கட்டு கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. ரத்தமோ பின்பக்கம் வழிந்து தலையணையை நனைத்துக்கொண்டிருந்தது. மூச்சு முட்டிய பிறகுதான் ரஃபீகா ஆளைக் கூப்பிட்டாள்.

“கட்டைப் பாத்துக்கிட்டே இருன்னு சொன்னேன் மேடம். சரி சிஸ்டர்னு தலையாட்டினா. புதுசா வர்றவங்களை நம்பி எதை ஒப்படைக்கிறது?”

“கட்டைப் பாத்தாளா?”

“பாத்தா. கண்ணை எடுக்காமப் பாத்திருக்கா. முன்பக்கம் மட்டும்.”

“பின்பக்கமும் பாக்கணும்னு சொன்னியா?”

“நர்ஸுக்கு இதைக்கூடவா மேடம் சொல்லணும்?”

மேடம் எழுந்து வந்தார். செங்கமலத்தின் கையைப் பிடித்துத் தன் பிடரிக்குக் கீழே வைத்து அழுத்தினார். பிறகு அந்தக் கையை வெளியே எடுத்து, உள்ளங்கையைத் திருப்பி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார்.

செங்கமலத்துக்கு நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கை, இதே போல மேடத்தின் பிடியில், ஒரு நோயாளியின் பிடரிக்குக் கீழே போய் வந்திருக்கிறது. அதைத் தானாகவே கற்றுக்கொண்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ரஃபீகா எங்கே?”

“ஹாஸ்டல்ல. பச்சத்தண்ணி பல்லுல படலையாம். இந்த வேலையே வேணாம்கிறா.”

சொல்லும்போதே செங்கமலம் உடைந்து அழுதாள். தையல்காரம்மாவுக்காக அழுதாளா, அந்தப் பெண்ணுக்காகவா, அவளுக்கே தெரியாது.

“நேத்து வார்டு நிரம்பி வழிஞ்சுது மேடம். இல்லேன்னா நானே அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேன். சத்தியமா நேரமே இல்ல.”

மேடம் அவள் கையை விடவில்லை.

“அன்னைக்கு எனக்கும் நேரம் இல்லம்மா.”