நரி எடுத்த நன்றி விழா

தாமரைக்குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்தது நரி சிங்காரம். பக்கத்தில் ஒரு கட்டை மிதந்து வந்தது.

"ஐயோ, ஓடு! அது கட்டை இல்லை, முதலை!" என்று கத்தியது தவளை குப்பாயி.

நரி பின்னால் துள்ளியது. முதலையின் வாய் வெறுங்காற்றைக் கடித்தது.

"அக்கா! என் உயிரைக் காப்பாத்திட்டீங்க! உங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்காம விடமாட்டேன்!" என்றது நரி.

"விழாவெல்லாம் எதுக்குப்பா? முதலை நான் இருக்கிற பக்கம் வந்தா ஒரு குரல் கொடு. அது போதும்."

"ஆகா, என்ன அடக்கம்!" என்றது நரி. மற்றது எதுவும் அதன் காதில் ஏறவே இல்லை.

மறுநாள் உச்சி வெயில். பாறைதான் மேடை. தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. அதன் நடுவில் குப்பாயியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். காடே திரண்டு வந்து மர நிழலில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

நரி ஒரு காய்ந்த தேக்கிலையைப் பொன்னாடையாகப் போர்த்தியது. குரங்கும் ஒன்றைப் போர்த்தியது. மயில் தன் பங்குக்கு ஒன்று. குப்பாயியின் உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் வற்றியது. தோல் காய்ந்தால் தவளை செத்துப்போகும். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் விழா மும்முரத்தில் யார் நினைத்துப் பார்த்தார்கள்?

"தண்ணி... தண்ணி..." என்று முனகியது குப்பாயி.

"பாருங்கள்! அக்கா நெகிழ்ந்துபோய்ப் பேச்சு வராமல் தவிக்கிறார்!" என்று முழங்கியது நரி. "என்னைப் போல் நன்றியுள்ள நரியை இந்தக் காடு கண்டதுண்டா? என் அப்பா கண்டாரா? என் தாத்தா கண்டாரா? இன்னும் இரண்டே வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிறேன்!"

சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கொழுப்பைப் பார்த்தீர்களா!

அப்போதுதான் சேறு சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது எருமை காத்தாயி. அதன் முதுகுப் புண்ணில் மொய்க்கும் ஈயையெல்லாம் தினமும் பிடித்துத் தின்பது குப்பாயிதான். தோழியின் கண் செருகுவதைப் பார்த்ததும் காத்தாயி மேடைக்கு விரைந்தது. கூடவே அதற்கு ஒரு குறும்பும் தோன்றியது.

"சிங்காரம், நானும் ஒரு பொன்னாடை போர்த்தணும்பா!"

"வாங்க, வாங்க! ஆனா பேச்சு கிடையாது!"

"எனக்கு எங்கே பேச வரும்!"

காத்தாயி ஒரு பெரிய தாமரை இலையைக் கவ்வி வந்து குப்பாயியை முழுசாக மூடியது. மூடும்போதே, "ஏய், என் தாடைக்கு அடியில ஒட்டிக்கோடி!" என்று கிசுகிசுத்தது. குப்பாயி தாவி ஒட்டிக்கொண்டது. அது இருந்த இடத்தில் ஒரு சேற்று உருண்டையை உதிர்த்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் குளத்தைப் பார்க்க நடையைக் கட்டியது காத்தாயி.

நரி பொழுது சாயும்வரை அந்தச் சேற்று உருண்டைக்கு நன்றி சொன்னது. "இவ்வளவு புகழ்ந்தும் அசைகிறாரா பாருங்கள்! இப்போது அக்கா பேசுவார்!" என்று இலைகளை விலக்கியது.

காய்ந்த மண்! குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

நரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குளத்துக்கு ஓடியது. அங்கே காத்தாயியின் முதுகில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது குப்பாயி.

"நன்றி கெட்ட தவளையே! உனக்காக எவ்வளவு செஞ்சேன்! பாதியில ஓடி வந்துட்டியே!"

"தம்பி," என்றது குப்பாயி, "முதலைகிட்டேயிருந்து உன்னை நான் காப்பாத்தினேன். உன் நன்றிகிட்டேயிருந்து என்னைக் காத்தாயி காப்பாத்தினா. போய்யா, போ!"

உதவி செய்தவருக்கு எது தேவை என்று பார்த்துச் செய்வதுதான் நன்றி. மற்றதெல்லாம் நம்மை நாமே பாராட்டிக்கொள்வது.