முரசங்கோட்டை திட்டாமல் விட்ட நாள்

கடைத்தெரு நடுவில் வண்டி குடைசாய்ந்து கிடக்கிறது. அச்சாணி முறிந்து ஒரு சக்கரம் தனியாக உருண்டு போய்ப் பூக்கடையில் முட்டி நிற்கிறது. வெல்ல மூட்டைகள் தெருவெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மாடு மண்டியிட்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில் சேந்தன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். முரசங்கோட்டையே கூடி அவனைத் திட்டுகிறது.

எந்த ராஜா காலம் என்று கேட்காதீர்கள். ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு ராஜா இருந்தார், அது போதும். அவருக்கு இந்தக் கதையில் வேலை கடைசியில்தான். இப்போது வண்டியைப் பாருங்கள்.

"ரெண்டு மாட்டுக்கு நாலு மாட்டுப் பாரம் ஏத்தியிருக்கே. உன் கழுத்திலே கட்டியிருந்தா தெரியும்" என்றார் கொல்லர் மூக்கன்.

"மூஞ்சியிலே ரெண்டு கண்ணு எதுக்கு இருக்கு, மை போடவா?" என்றாள் சோற்றுக்கடை சடைச்சி.

"தலைப்பாகை மட்டும் நல்லாக் கட்டத் தெரியுது" என்றாள் பூக்காரி. தெருவே சிரித்தது.

சேந்தனுக்குக் காது எரிந்தது. அவன் ஊர் பக்கத்து நகரமான பூம்பாடி. அங்கே யாரும் யாரையும் இப்படிப் பேச மாட்டார்கள். இரண்டு பேர் மோதிக்கொண்டால் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்பார்கள். திருடனைப் பிடித்தால்கூட "வாருங்கள் ஐயா" என்றுதான் கட்டி வைப்பார்கள். அந்த ஊரில் பிறந்ததில் சேந்தனுக்குப் பெருமை. அந்தப் பெருமையோடுதான் இங்கே வந்திருந்தான்.

வந்தது வெல்லம் விற்க அல்ல. ராஜா ஒரு பெருவழி போடப் போகிறார். அது பூம்பாடி வழியாகப் போகலாம், முரசங்கோட்டை வழியாகவும் போகலாம். எந்த நகரம் அயலூர்க்காரனை நன்றாக நடத்துகிறதோ அதன் வழியாகப் போகட்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். ஒவ்வொரு நகரமும் மற்ற நகரத்துக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆள், தான் யார் என்று சொல்லாமல் மூன்று நாள் இருந்துவிட்டு, சபைக்கு வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

பூம்பாடிக்கு ஆறு இருக்கிறது, வயல் இருக்கிறது. முரசங்கோட்டைக்குச் சந்தை மட்டும்தான். பெருவழி தள்ளிப் போனால் சந்தை காயும். சந்தை காய்ந்தால் ஊர் காலி. இது சேந்தனுக்கும் தெரியும்.

பூம்பாடியின் தலைவர் தித்தன் அவனைத் தோளில் தட்டி அனுப்பியிருந்தார். அங்கே கேட்கிற கடுஞ்சொல் எல்லாவற்றையும் மனதில் பிடித்துவந்து சபையில் கொட்டிவிடு, பெருவழியின் சுங்கச்சாவடி உனக்குத்தான் என்று தேனாகச் சொல்லியிருந்தார். முப்பது வயதாகியும் சேந்தனுக்கு நிலையான வேலை கிடையாது. சுங்கச்சாவடி கிடைத்தால் அவன் ஒரு மனிதன்.

அதனால் அவன் திட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றான். கேட்டானே தவிர எதையும் பார்க்கவில்லை. திட்டிக்கொண்டே நாலு பேர் வண்டிக்குத் தோள் கொடுத்து நிமிர்த்தினார்கள். திட்டிக்கொண்டே பூக்காரி மூட்டைகளில் மண் தட்டினாள். மூக்கன் திட்டிக்கொண்டே புது அச்சாணி அடித்துப் போட்டார், மாட்டின் கழுத்துப் புண்ணில் வேப்பெண்ணெய் தடவினார். சேந்தன் அந்த "மை போடவா" என்ற சொல்லைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சபையில் எடுபடும் என்று நினைத்தான்.

இரண்டாம் நாள் குளத்துக்கு வழி கேட்டான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கிழக்கு மேற்கு தெரியாத பிள்ளையை எந்தத் தாய் தனியாக அனுப்பினாள் என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து குளம்வரை கூடவே நடந்தார், அவன் குளித்து முடிக்கும்வரை படியில் காத்திருந்தார், திரும்பக் கூட்டிவந்து விட்டார். வழி நெடுகத் திட்டு. சேந்தன் அதையும் மனதில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் சடைச்சி கடையில் சாப்பிட்டான். போதும் என்று இலையை மறைத்தான். அவள் கையைத் தட்டிவிட்டு இன்னும் ஓர் அகப்பை வைத்தாள்.

"பூனை தின்னுற அளவு தின்னுட்டு எழுந்திருக்கப் பார்க்கிறே. நாளைக்கு வழியிலே சுருண்டு விழுந்தா எங்க ஊர்ச் சோத்தைத்தானே குத்தம் சொல்லுவாங்க? தின்னு, மூடிக்கிட்டு."

சேந்தனுக்கு அங்கேதான் பொறுமை போயிற்று. ராஜா சொன்னதை மறந்தான். எழுந்து நின்று கத்திவிட்டான். தான் யார், எதற்கு வந்திருக்கிறேன், சபையில் என்ன சொல்லப் போகிறேன், இந்த ஊருக்குப் பெருவழி எப்படி வருகிறது பார்க்கலாம், எல்லாம் சொன்னான்.

மூக்கன் வாயருகே கொண்டுபோன கவளத்தை இலையிலேயே வைத்தார்.

சடைச்சி அகப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படிங்களா ஐயா. தெரியாமப் பேசிட்டோம். உட்காருங்க ஐயா" என்றாள்.

அவ்வளவுதான். ஊர் மாறிவிட்டது.

மூன்றாம் நாள் விடிந்ததும் பார்க்கிற எல்லாரும் அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். அவன் போன பக்கமெல்லாம் வழி விட்டார்கள். யாரும் கெஞ்சவில்லை. யாரும் பரிசு கொண்டு வரவில்லை. எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. சோறு வந்தது, மாட்டுக்கு வைக்கோல் வந்தது, படுக்கப் பாய் வந்தது. திட்டு மட்டும் வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் சேந்தன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான், ஓரக்கண்ணால் சடைச்சியைப் பார்த்தான். "போதுங்களா ஐயா? சரிங்க ஐயா" என்று இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து வண்டியைத் தாறுமாறாகப் பூட்டினான். வேண்டுமென்றேதான். வலது மாட்டை இடது பக்கம் கட்டி, பூட்டாங்கயிற்றை முறுக்கி வைத்துவிட்டு மூக்கனின் பட்டறை வாசலில் போய் நின்றான். மூக்கன் வெளியே வந்தார். அவிழ்த்தார், சரியாகக் கட்டினார். "இப்படிக் கட்டினா மாட்டுக்கு நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கடைசியாக வேப்பமரத்தடிக் கிழவரிடம் போனான். நேற்றுப் போன அதே குளத்துக்கு வழி கேட்டான். இதற்குமேல் ஒரு மனிதன் எப்படித் திட்டுக் கேட்பது? கிழவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "நேராப் போய் வலது பக்கம் திரும்புங்க ஐயா. பார்த்துப் போங்க" என்றார்.

அந்தக் குரல் சேந்தனுக்குப் புதிதல்ல. தெரிந்த குரல். பிறந்ததிலிருந்து கேட்ட குரல். பூம்பாடி முழுக்க அந்தக் குரல்தான். அவன் அப்பா செத்த அன்று தெருவே வந்து அழகாக ஆறுதல் சொன்னது. ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். பாடைக்கு நாலாவது தோள் கிடைக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

இங்கே அவன் வண்டிக்குத் தோள் தேடவே இல்லை.

சேந்தன் நேராகப் பட்டறைக்கு வந்தான். வெட்கத்தை விட்டுக் கேட்டான். "அண்ணே, ஒரு வார்த்தை திட்டிடுங்க. போயிடறேன்."

மூக்கன் சுத்தியலை நிறுத்தினார். "எங்களுக்குத் தெரியாதவங்களைத் திட்டற பழக்கம் இல்லீங்க ஐயா."

"முந்தாநாள் மட்டும் என்னைத் தெரியுமா?"

"முந்தாநாள் வண்டி கவுந்து ஒருத்தன் வந்தான். அவனைத் தெரியும். எங்களை அளந்து பார்க்க வந்தவரைத் தெரியாது. போங்க. சபையிலே பார்த்ததைச் சொல்லுங்க. எங்களுக்காக ஒண்ணும் கூட்ட வேணாம், ஒண்ணும் குறைக்க வேணாம்."

சேந்தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். வழியனுப்ப யாரும் வரவில்லை. வண்டிக்குள் மட்டும் யாரோ கட்டுச்சோறு வைத்திருந்தார்கள். மூன்று ஆள் சாப்பிடலாம்.

சபை கூடியது. முதலில் முரசங்கோட்டையின் ஆளைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்தவரைப் பார்த்துச் சேந்தன் வாயைப் பிளந்தான். கொல்லர் மூக்கன். போன மாதமே பூம்பாடியில் அரிவாள் விற்பதுபோல் மூன்று நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறார் மனிதர்.

"பூம்பாடி எப்படி?" என்றார் ராஜா.

"நல்ல ஊருங்க. எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசினாங்க. ஒருத்தரும் ஒரு கடுஞ்சொல் சொல்லலை."

தித்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் ஊரே அழியும் என்று தெரிந்தும் மூக்கன் ஒன்றையும் குறைக்கவில்லை. குரல்கூட இறங்கவில்லை.

"எங்கே சாப்பிட்டாய்?" என்று ராஜா சும்மா கேட்டார்.

மூக்கன் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் கட்டாயம் ஒரு நாள் சாப்பிட வரணும்னு சொன்னாங்க. எந்த நாள்னு சொல்லலைங்க."

சபையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சேந்தனை அழைத்தார்கள். தித்தன் அவனைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். சுங்கச்சாவடி அந்தத் தலையசைப்பில் இருந்தது.

"முரசங்கோட்டையில் அயலூர்க்காரனை எப்படி நடத்துகிறார்கள்?"

"திட்டுகிறார்கள், அரசே" என்றான் சேந்தன். தித்தன் புன்னகைத்தார். "வண்டி கவிழ்ந்ததற்குத் திட்டினார்கள், தூக்கி நிறுத்தினார்கள். மாட்டுப் புண்ணுக்குத் திட்டினார்கள், மருந்து போட்டார்கள். நான் சாப்பிட்டது போதாதென்று திட்டித் திட்டிப் போட்டார்கள். நான் வேவு பார்க்க வந்தவன் என்று என் வாயாலேயே உளறினேன். அதற்கு அப்புறமும் சோறு போட்டார்கள். ஆனால் திட்டவில்லை. அரசே, நான் பூம்பாடிக்காரன். எங்கள் ஊரில் யாரும் என்னை இதுவரை திட்டியதே இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று எனக்கு முரசங்கோட்டையில்தான் தெரிந்தது. பாதையில் வருகிறவன் எப்போதாவது விழுவான். திட்டிக்கொண்டாவது தூக்குகிற ஊர் வழியாகப் பாதையைப் போடுங்கள்."

ராஜா அப்படியே செய்தார். அதற்குமேல் அவருக்கு இங்கே வேலை இல்லை.

வெளியே வந்ததும் தித்தன் சேந்தனின் தோளில் தட்டினார். கோபமே படவில்லை. "நல்லது தம்பி, ரொம்ப நல்லது. ஒரு நாள் கட்டாயம் வீட்டுக்கு வா" என்று இனிமையாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். சுங்கச்சாவடி போயிற்று. ஊரும் போன மாதிரிதான். சேந்தன் மாட்டைத் தட்டிவிட்டான். அது எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் சொல்லவே வேண்டாம்.

செய்தி அவனுக்கு முன்னால் முரசங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கடைத்தெருவில் வண்டி நுழைந்ததும் தொடங்கிவிட்டார்கள். கையிலே கிடைத்த வேலையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான் பார் என்றாள் பூக்காரி. இந்த வெயிலில் மாட்டை ஓட்டி வந்தவனைக் கட்டி வைக்க வேண்டும் என்றார் கிழவர். ராஜா முன்னால் நின்று ஒரு கொல்லனைவிட நீளமாகப் பேசுகிறானே, இவனுக்கு வாயா வாய்க்காலா என்றார் மூக்கன். இப்படி ஒரு மடையனை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: இனிக்கப் பேசுகிறவனை எல்லாம் நம்மவன் என்று நினைத்துவிடாதே, நீ விழுந்தால் திட்டிக்கொண்டே தூக்குகிறவன்தான் உன்னவன்.

கடைக்குள்ளிருந்து சடைச்சி தலையை நீட்டினாள். "ஏண்டா, வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே? சோறு ஆறுது. கையைக் கழுவிட்டு வந்து உட்காரு" என்றாள்.

சேந்தன் கையும் கழுவவில்லை, உட்காரவும் இல்லை. அவர்கள் இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று தெருவிலேயே நின்றான்.