செங்கோடன் திட்டித் தீர்த்த பக்கம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இப்போதே மரத்துப்போகட்டும். நாளைக் காலை என் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழட்டும். யாரோ சொல்லிக் கேட்டதில்லை ஐயா, இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தது.

எங்கள் பக்கத்துக் கரட்டின் அடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. அங்கே சிலை கிடையாது, விளக்குக் கிடையாது. பழைய ஆட்டுக்கொட்டகைக்குள் ஒரு சர்வர் இருக்கிறது. வெயில் நாளில் அதன் முதுகில் அப்பளம் வைத்தால் பொரிந்துவிடும். இணையத்தில் இருந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டவர்களெல்லாம் குரு மாசாணியைத் தேடி வருவார்கள். கேட்டவர்களுக்கு அந்தச் சர்வரில் ஒரு மூலை கொடுப்பார். வலைப்பதிவை அவரவரே நிறுவிக்கொள்ள வேண்டும். சீடரின் கீபோர்டைக் குரு தொடமாட்டார். அது அங்கே விதி.

சீடர் செங்கோடனுக்குக் குருவின் அப்பா வயது; குருவை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். மஞ்சள் மண்டியில் ஏலம் கூவிய தொண்டை. அந்தத் தொண்டையைத்தான் அன்று காலை முதல் சர்வரின் மேல் இறக்கிக்கொண்டிருந்தார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கல்குவாரிக்காரன் ஊர்க் குட்டையில் கழிவைக் கொட்டிவந்தான். செங்கோடன் அதைப் படமெடுத்து, தேதி போட்டு, இலவசத் தளம் ஒன்றில் எழுதிவந்தார். குவாரிக்காரன் புகார்மேல் புகாராக அனுப்பி அந்தப் பக்கத்தையே தூக்கவைத்தான். பிறகு மழை பெய்தது. குட்டை நிரம்பிக் கழிவெல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. அன்று மாலை தாசில்தார் அம்மா பார்வையிட வருகிறார். படங்களைத் தேதியோடு எல்லோரும் பார்க்கும்படி போட்டுவையுங்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். படம் இல்லாவிட்டால், குட்டையில் தண்ணீர்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

பழைய பதிவுகளையெல்லாம் ஒரே கோப்பாகக் கட்டிப் போனில் வைத்திருந்தார் செங்கோடன். வந்ததும் வராததுமாக அதைச் சர்வரில் ஏற்றினார். புது முகவரியை முந்தின நாளே ஊர் டீக்கடையில் ஒட்டியாகிவிட்டது. மென்பொருள் சரியாக உட்கார்ந்துவிட்டால் கோப்பை அதுவே பிரித்து அடுக்கிக்கொள்ளும். உட்கார்ந்தால்தானே. அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையில் ஒரே வரி நின்றது: தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை.

முதல் கோபத்தில் போனைத் தூக்கிக் கிணற்றில் எறிந்தார். கிணற்றுத் தவளைகள் மேலே வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளேயே தேவலை என்று இறங்கிப்போயின. அடுத்த கோபத்தில் வாசல் வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தேதான் நிற்கிறது, சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள்.

நடுவில் பாஸ்வேர்டில் ஓர் எழுத்து தவறு என்று கண்டுபிடித்துத் திருத்தினார். முகவரியை மறுபடி அடித்தார். அதே வரி. சர்வரை நிறுத்தி எழுப்பினார். அதே வரி.

குரு கொட்டகை ஓரத்தில் என்னோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். செங்கோடன் விடவில்லை.

“அம்மணி, இது மெசினா, இல்லை எந்தம்பி நாச்சிமுத்துவா? ரெண்டும் ஒரே மூஞ்சியக் காட்டுது.”

அந்தத் தம்பிக்கும் காலையிலிருந்து இடையிடையே பங்கு கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. குவாரி லாரி போகத் தன் தோட்டத்தில் வழி விட்டவன் அவன். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அவன் வீட்டுத் தெருவில் கால் வைக்கக் கூடாதென்று ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்.

சோற்றுக்கு மணி அடித்தது. செங்கோடன் எழவில்லை. எல்லாவற்றையும் வழித்தெறிந்துவிட்டு முதலிலிருந்து வருகிறேன் என்று, சர்வரில் தன் மூலை முழுவதையும் அழிக்கும் கட்டளையை அடித்தார். குட்டைப் படங்களும் அந்த மூலையில்தான். போனோ கிணற்றில். கொதிப்பில் அது அவருக்கு நினைவில்லை. விரல் என்டருக்குப் போனது.

குரு எழுந்துபோய்க் கீபோர்டின் வயரைப் பிடுங்கினார். வயரைத் தொடக்கூடாது என்று விதியில் இல்லை.

செங்கோடன் எழுந்து நின்றார். கொட்டகை ஓடு இரண்டு தாமாகவே கீழே இறங்கின.

“வயரைக் குடுங்க அம்மணி. வயசுக்கு மரியாதை வேண்டாமா?”

“குடுக்கறேனுங்க. காலையில எங்கிருந்தோ ஒரு வரி எடுத்து ஒட்டினீங்களே, அது என்னங்க?”

“எவனோ இணையத்துல போட்டிருந்தான். தளம் வேகமா வரும்னான்.”

“படிச்சுப் பார்த்தீங்களா?”

“படிக்க நேரமேது. ஒட்டினேன்.”

“ஒருதரம் பார்த்த பக்கத்தை ஒரு வாரத்துக்கு எடுத்து வெச்சுக்கோ, மறுபடி போய்க் கேக்காதேன்னு பிரவுசருக்குச் சொல்ற வரிங்க அது.”

குரு என்னிடம் கையை நீட்டினார். என் போனைக் கொடுத்தேன். முகவரியை அடித்து அவர் முன்னால் பிடித்தார்.

குட்டை இருந்தது. வெள்ளைச் சேறு, கவிழ்ந்த லாரிப்பெட்டி, தேதி, எல்லாம் இருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“பாஸ்வேர்டைத் திருத்தினீங்களே, அப்பவே.”

“அப்புறம் இத்தனை நேரம் நான் எதைத் திட்டிட்டிருந்தேன்?”

“காலையில உங்க கம்ப்யூட்டர் எடுத்து வெச்சுக்கிட்ட பழைய பக்கத்தை.”

“தெரிஞ்சும் சொல்லலையா நீங்க?”

“வாயைத் திறந்து திறந்து பார்த்தேனுங்க. நீங்க மூடினாத்தானே.”

செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு விரலால் பக்கத்தைத் தள்ளினார். அடியில் ஊர்க்காரர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். முதல் ஆளின் பெயரைப் பார்த்ததும் என் போனும் கிணற்றுக்குப் போகப் பார்த்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதில் இப்படி இருந்தது:

“அண்ணா, நாச்சிமுத்து. நம்ம தோட்டத்து வழியை ஆடியிலயே அடைச்சுட்டேன். லாரி இப்ப மேக்கால சுத்திப் போகுது. நம்பரோட படம் எடுத்து வெச்சிருக்கேன். போடட்டுங்களா?”

இரண்டு தரம் படித்தார். மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்த சூடு நின்றது. என் போனிலேயே, தடித்த விரலால் எழுத்து எழுத்தாக, “உடனே போடு சாமி” என்று அடித்தார். கொஞ்ச நேரத்தில் லாரிகள் ஒவ்வொன்றாக மேலேறின, நம்பரும் டிரைவர் மூஞ்சியும் தெளிவாக.

குரு வயரைத் திரும்பச் செருகினார். செங்கோடன் உட்கார்ந்து, அடித்து வைத்திருந்த கட்டளையைப் பின்னாலிருந்து ஓர் எழுத்து விடாமல் அழித்தார். பிறகு கேட்டார். குரலில் கோபம் இன்னும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“ஆடியிலயே அடைச்சானாம். எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. இவன் எப்பங்க அம்மணி மாறினான்?”

குரு கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

“நீங்க கடைசியா எப்பங்க பார்த்தீங்க?”

இதை நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் வாயைத் திறந்துவிடாதீர்கள். செங்கோடனின் தொண்டை அப்படியேதான் இருக்கிறது, வேப்பமரத்துக்கு இதற்குமேல் சாய இடமில்லை.