அரசர் யானை தூக்கிய படம்

செம்பியூர் அரசர் மகுடவர்மருக்குப் புகழ் என்றால் கொள்ளை ஆசை. நரம்புக் கோளாறால் கைகால் சொன்னபடி கேட்காத குழந்தைகளுக்காக ஒரு பயிற்சிச் சாலை கட்டினார். நல்ல காரியம்தான். ஆனால் கட்டிய மறுநாளே, "ஊர் இதைப் பற்றிப் பேசுகிறதா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு வருடம் ஆகியும் ஊர் பேசாததால், விளம்பர மந்திரி வீரபாகு ஓவியனை அழைத்து ஒரு பெரிய சீலையில் படம் எழுத வைத்தார். இடப்பக்கம் 'முன்': ஆதிரை என்ற சிறுமி பாயில் கிடக்கிறாள். வலப்பக்கம் 'பின்': அதே ஆதிரை மான்போல ஓடுகிறாள். அடியில், 'ஒரே மாதத்தில்'.

சந்தையில் மாட்டியதும் கூட்டம் மொய்த்தது. பார்த்தவர் பத்துப் பேரிடம் சொன்னார். பார்க்காதவர் நூறு பேரிடம் சொன்னார்.

ஆதிரையின் தாய் செல்லாண்டி, அரசவையில் வாய்ச்சாலகத்துக்குப் பேர்போன சாத்தப்பனிடம் வந்து நின்றாள்.

"ஐயா, பயிற்சிச் சாலை வைத்தியரம்மா ஒரு வருசமாப் பாடுபட்டு, இப்பத்தான் பிள்ளை சாயாம உட்காருது. எங்களுக்கு அதுவே பெரிசு. தெருவுல போறவங்க 'ஓடிக் காட்டு'ங்கிறாங்க. ஓடலேன்னா சோம்பேறிங்கிறாங்க. பிள்ளை பயிற்சிக்கே வர மாட்டேங்குது."

சாத்தப்பன் அரசரிடம் போனான். "மன்னா, ஆதிரை ஓடவில்லையே."

"இன்று ஓடவில்லை, நாளை ஓடுவாள். நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் வண்ணம் பூசினால் என்ன?"

"ஒன்றுமில்லை மன்னா. சாலையின் புகழுக்காக இன்னொரு படமும் மாட்டட்டுமா?"

"தாராளமாக."

மறுநாள் காலை அரண்மனை வாசலில் பெருங்கூட்டம். நடுவே ஒரு யானை. அரசர் மாடத்துக்கு வந்தார்.

"யானை எதற்கு?"

"நீங்க தூக்கத்தான் மகாராசா," என்றான் பாகன் பணிவாக. "சந்தையில படம் பார்த்தோம்."

படத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். 'முன்': தொந்தியோடு படியேறி மூச்சுவாங்கும் மகுடவர்மர். 'பின்': கொடியிடையோடு ஒற்றைக் கையில் யானையைத் தூக்கும் மகுடவர்மர். அடியில், 'பயிற்சிச் சாலையில் ஒரே வாரத்தில்'.

அரசர் சாத்தப்பனை முறைத்தார். "நான் எப்போது யானை தூக்கினேன்?"

"இன்று தூக்கவில்லை, நாளை தூக்குவீர்கள். கொஞ்சம் வண்ணம்தானே மன்னா."

"ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குமே."

"நீங்கள் மாடத்தில் நின்று 'இது பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். ஆதிரைக்கு மாடம் இல்லை."

அரசர் மாடத்தின் விளிம்புக்கு வந்தார். இரண்டு படமும் பொய் என்று கூட்டத்திடம் தானே சொன்னார். செல்லாண்டியை அழைத்து வருத்தம் தெரிவித்தார். இனிச் சாலையைப் பற்றி எதுவானாலும் வைத்தியரம்மாதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். வீரபாகுவை யானைக்குத் தீனி போட அனுப்பினார். அதன்பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. தொந்தி குலுங்கச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

எல்லோரும் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் படங்களை எரித்தாயிற்றா?"

"இனிமேல்தான் மன்னா."

"ஆதிரை படத்தை எரித்துவிடு. என்னுடையதில் 'முன்'னை எரித்துவிடு. 'பின்'னை மட்டும் என் பள்ளியறைக்கு அனுப்பு."