முத்திரை விழுந்த முட்டை

மருதூர் மகாராஜா கெஜபூபதி பெயரில் மட்டுமல்ல, எடையிலும் யானை. பல்லக்குத் தூக்கப் பன்னிரண்டு பேர். அவர்களில் மூன்று பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டே ஓடிய பிறகுதான், மன்னர் வைத்தியர் அங்கமுத்துவின் கத்திக்குச் சம்மதித்தார். வைத்தியர் அந்தப் பெரிய வயிற்றை ஆழாக்கு அளவுக்குச் சுருக்கித் தைத்துவிட்டார்.

"இனி உள்ளே இடம் கொஞ்சம், பிரபு. புரதத்துக்குத்தான் முதல் பந்தி. முட்டைக்கு ஆறு பங்கு, ஒரு கரண்டி பருப்புக்கு இரண்டு பங்கு. மீன், கோழி, தயிர் எதுவானாலும் சரி, நாளுக்கு அறுபது பங்கு போக வேண்டும். குறைந்தால் முடி கொட்டும், கால் தள்ளாடும்."

சாப்பிட்டதை ஏட்டில் குறிக்கும் வேலை செங்கோடனுக்கு வந்தது. சபையில் வாய்த்துடுக்கு அதிகம் உள்ளவன் அவன்தான். அவன் எழுதுவான், மன்னர் மோதிரத்தால் முத்திரை வைப்பார். முத்திரை விழுந்த ஏட்டைச் சந்தேகிப்பவன் தலை போகும் என்பது மருதூர் வழக்கம்.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. எட்டாம் நாள் மன்னர் முட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"செங்கோடா, அறுபது என்று எழுது."

"முட்டை தட்டிலேயே இருக்கிறதே, பிரபு?"

"எழுதடா என்றால்!"

எழுதினான். முட்டை பூனைக்குப் போனது. மன்னரோ அதிரசத்தைப் பாகில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார். நாளாக ஆக, காலையிலேயே எழுதாத பக்கத்தில் முத்திரை குத்திவிட்டு அதிரசத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்.

இரண்டு மாதத்தில் கிரீடம் நழுவும் அளவுக்கு முடி கொட்டியது. ஒருநாள் காலையில் முத்திரையைக் குத்திவிட்டு அரியணையில் இருந்து இறங்கியவர், முழங்கால் மடங்கி விழுந்தார்.

"தினமும் அறுபது பங்கு என்று ஏடு சொல்கிறது! அப்படியானால் கோளாறு தையலில்தான். அங்கமுத்துவை நாளை விடிந்ததும் யானைக்காலில் போடுங்கள்!"

கட்டி இழுத்துப் போகும்போது வைத்தியர் செங்கோடனைத் திரும்பிப் பார்த்தார். பொய்யை எழுதியது அவன் கைதானே? உண்மையைச் சொன்னால் அவன் தலை போகும், சொல்லாவிட்டால் வைத்தியர் தலை போகும். ஏட்டை எடுத்துப் பார்த்தான். காலையில் மன்னர் குத்திய முத்திரைக்கு மேலே அன்றைய பக்கம் காலியாகத்தான் இருந்தது. எழுத்தாணியை எடுத்தான்.

மதியம் மன்னர் முன் வெறும் தட்டு வந்தது.

"எங்கேடா அதிரசம்?"

"சாப்பிட்டாயிற்றே, பிரபு. எட்டு அதிரசம். இதோ, முத்திரையோடு இருக்கிறது."

மன்னர் முறைத்தார். ஆனால் முத்திரை அவருடையது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துபோனார்.

மாலையில் சபை கூடியது. மறுபடியும் வெறும் தட்டு.

"பால்கோவாவும் ஆயிற்று, பிரபு. மூன்று கிண்ணம். இரண்டாவது கிண்ணத்தை வழித்தே சாப்பிட்டீர்கள்."

மன்னருக்குப் பசி கண்ணை மறைத்தது. "காலையிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை! இந்த ஏடு பச்சைப் பொய்!"

செங்கோடன் ஓடிவந்து காலில் விழுந்தான்.

"மெதுவாகச் சொல்லுங்கள், பிரபு! ஏட்டைச் சந்தேகித்தால் தலை போய்விடும்!"

மன்னர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏடு மெய் என்றால் தங்களுக்குப் பசியே இல்லை. பொய் என்றால் வைத்தியர்மேல் குற்றமே இல்லை. இரண்டில் எது, பிரபு?"

மன்னர் தன் வயிற்றைப் பார்த்தார். வயிறு சபைக்கே கேட்கும்படி பதில் சொன்னது. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், தையல் வலிக்கும்வரை நிறுத்தவில்லை.

"அங்கமுத்துவை அவிழ்த்துவிடுங்கள்! முட்டை கொண்டு வாருங்கள்!"

முட்டை வந்தது. மன்னர் கடைசி வாய் விழுங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்திருந்த செங்கோடன், அதன்பிறகுதான் ஆறு என்று எழுதினான்.

"பிழைத்துக்கொண்டாய், போ. உனக்கும் வைத்தியருக்கும் நாளை பெரிய விருந்து!" என்றார் மன்னர்.

செங்கோடன் கைகட்டி நின்றான்.

"அந்த விருந்து இலையிலா, ஏட்டிலா, பிரபு?"